கம்பெனிக்காரனை விரட்டிய கதை

வெள்ளைத்துரையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைப்பதும், பேனாவை எடுத்துவிட்டு மூடி வைப்பதுமாக இருந்தேன். இப்போது எழுதலாம். படித்துவிட்டு வருத்தப்பட வேண்டிய இரண்டு பேரும் இன்று இல்லை. மிச்சம் இருப்பது நான்தான். எனக்கு வருத்தம் வந்தால் வரட்டும், வர வேண்டியதுதான்.

பெயர்தான் வெள்ளைத்துரை. ஆள் நல்ல கருப்பு. கல்லூரியில் முதல் நாள் ஆஜர் எடுத்த வாத்தியார் அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, எழுந்து நின்றவனைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். வகுப்பே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். மூன்று மாதம் கழித்து இங்கிலீஷில் அவன் முதலாவதாக வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

எங்கள் இருவருக்கும் ஊர் திருத்தங்கல். என் பெயர் ஜேசுதாசன். என் அப்பா வேதமாணிக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அதனால் நான் படித்தது ஒரு பெரிய காரியமே இல்லை. படிக்காமல் போயிருந்தால்தான் ஊருக்குச் செய்தி. வெள்ளைத்துரையின் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அந்தத் தெருவில் முந்தின தலைமுறை வரை எல்லாரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். வானம் பொய்த்துப் பொய்த்துக் கடைசியில் தீப்பெட்டி வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள். அங்கிருந்து ஒருவன் காலையில் ரயிலேறி விருதுநகருக்குப் போய் பி.ஏ. படிக்கிறான் என்றால் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் ஒரு தரம் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். அவனும் புத்தகத்தின் அட்டை வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பான். கொஞ்சம் பெருமைக்காரன். பெருமைப்பட அவனுக்கு வேறு என்ன இருந்தது?

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கம்பெனி என்றால் தீப்பெட்டிக் கம்பெனி. அது இல்லாவிட்டால் பட்டாசுக் கம்பெனி. மூன்றாவதாக ஒரு கம்பெனி எங்களுக்குக் கிடையாது. "கம்பெனி விட்டாச்சா?" என்று ஒருத்தி கேட்டால் பொழுது சாய்ந்துவிட்டதா என்று அர்த்தம். "அவ கம்பெனிக்காரி" என்றால் விரல் நுனியில் பசை காய்ந்திருக்கிறவள் என்று அர்த்தம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் வேறு விதமான கம்பெனிகள் இருக்கின்றன, அங்கே சட்டை கசங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எங்களைப் போல நாலு எழுத்துப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். தெருவுக்குத் தெரியாது.

வெள்ளைத்துரையின் அப்பா சங்கிலிமுத்து கம்பெனியில் குச்சிக்கு மருந்து முக்குகிற அறையில் இருந்தார். மகனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அந்த அறை தீப்பிடித்தது. மூன்று நாள் வாழை இலையில் கிடந்தார், நான்காம் நாள் போய்விட்டார். அவர் மனைவி முருகம்மாள், நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே அதே கம்பெனிக்குப் பெட்டியில் குச்சி அடைக்கப் போனார். போகாவிட்டால் உலை வைக்க வழியில்லை. ஆனால் மகன் மட்டும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டார். "ஒங்கப்பன் வெந்தான், நான் வெந்துக்கிட்டிருக்கேன். நீ வேகக் கூடாது" என்பார். சோறு போடும்போதெல்லாம் சொல்வார். அவன் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவான்.

இதைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தீபாவளிக்கு முந்தின இரண்டு மூன்று மாதம் சீசன். அப்போது எத்தனை ஆள் இருந்தாலும் போதாது. ஏஜெண்டுகள் வண்டி போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். "கம்பெனியில இருந்து வாரோம், ஆள் இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு போவதும் உண்டு. வெள்ளைத்துரைக்குப் பத்து வயதானதிலிருந்து ஒவ்வொரு சீசனுக்கும் அவனைக் கேட்டு யாராவது வந்தார்கள். பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். கெஞ்சினாலும் அதட்டினாலும் மசிய மாட்டார். கம்பெனிக்காரனைத் திருப்பி அனுப்புவதில் அந்தத் தெருவிலேயே அவர் பேர்போனவர்.

ஐம்பத்தேழாம் வருடம் நாங்கள் பி.ஏ. முடித்தோம். ஊரில் எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அடுத்து என்ன உத்தியோகம்?" ஏதோ உத்தியோகம் எங்கள் வீட்டு வாசலில் வந்து காத்துக்கொண்டிருப்பது போல. அப்போது பட்டதாரிக்கு எந்த வேலை நல்ல வேலை என்பதில் ஆளுக்கொரு கட்சி. என் அப்பாவுக்கு வாத்தியார் வேலையை விட்டால் வேறு வேலை வேலையே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர், ரயில்வேதான் ராஜ உத்தியோகம் என்றார். டைப்ரைட்டிங் கற்றுக்கொடுத்தவர், சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக நுழைந்துவிட்டால் தாசில்தாராக வெளியே வரலாம் என்றார். இன்ஷூரன்ஸை அரசாங்கம் எடுத்துக்கொண்ட புதிது, அங்கே ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு புரளி. நாங்கள் எல்லாவற்றுக்கும் எழுதினோம். நான் பத்து மனு போட்டால் வெள்ளைத்துரை இருபது போடுவான். தபால்காரரைக் கண்டால் அவன் எழுந்து நின்றுவிடுவான். அவர் பாவம், அவனுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாததற்காக வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்.

அந்த ஆவணி மாதத்தில் விருதுநகரில் ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. பஞ்சும் கொத்தமல்லியும் வாங்கிக் கப்பலில் ஏற்றுகிற வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று அங்கே கிளை வைத்திருந்தது. பெயர் எதற்கு, அது இப்போது இல்லை. ஒரே ஒரு பட்டதாரியை எடுத்து, தூத்துக்குடியில் ஒரு வருடம் பழக்கி, பிறகு அதிகாரியாகப் போடுவார்களாம். இரண்டு பேரும் போனோம். அவனுக்கு என் செருப்பைக் கொடுத்தேன், நான் அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். உள்ளே ஒரு வெள்ளைக்கார மேனேஜரும், லட்சுமிகாந்தம் என்ற தஞ்சாவூர்க்கார ஹெட் கிளார்க்கும் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார் மேனேஜர். நான் புத்தகத்தில் படித்த ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை ஒப்பித்தேன். வெள்ளைத்துரை, எடை கூடுவதற்காகத் தண்ணீர் தெளித்த பஞ்சைக் கையில் எடுத்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொன்னானாம். அவன் தாத்தா கரிசல் காட்டில் பஞ்சு எடுத்தவர். மேனேஜர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாராம். வெளியே வந்து இதை அவன் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, வேலை எனக்கு இல்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. வெள்ளைத்துரை காரியாபட்டிக்குப் போயிருந்தான். அங்கே வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிக எழுத்தர் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே லட்சுமிகாந்தம்.

"தம்பி, நீங்க அன்னிக்கு வந்தவர்தானே? வெள்ளைத்துரை வீடு எங்கேன்னு தெரியுமா?" என்றார். முதலில் எடுத்த மதுரைப் பையன் ரயில்வேயில் சேர்ந்துவிட்டானாம். அடுத்தவன் வெள்ளைத்துரை. தபாலில் போட்டால் நேரத்துக்குப் போய்ச் சேராது, ராஜபாளையம் போகிற வழியில் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அவன் விருதுநகர் ஆபீசில் இருக்க வேண்டும்.

வயிறு எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என்னுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போய் எனக்கு வர வேண்டிய வேலையை அவன் வாங்கிவிட்டான் என்றுதான் அந்த நேரம் தோன்றியது. தண்டவாளத்தைத் தாண்டி, தெருமுனைக் குழாயடியிலிருந்து மூன்றாவது வீடு என்று கையைக் காட்டினேன்.

"நீங்களும் ஏறிக்கோங்களேன், காட்டிட்டு இறங்கிக்கலாம்."

"எனக்கு வேலை இருக்குங்க" என்றேன். எனக்கு வேலை இல்லை. அதுதான் என்னுடைய அன்றைய முழுத் துன்பமும்.

ஜீப் போயிற்று. அவன் முகத்தைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்று மாலையே சாத்தூரில் இருந்த அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். பதினைந்து நாள் அங்கேயே கிடந்தேன்.

அந்த வீட்டு வாசலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் பெரியம்மா சொல்லி நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அதனால் பார்த்த மாதிரியே சொல்ல முடியும். தெரு குறுகலாக இருந்ததால் டிரைவர் நாகையா ஜீப்பைக் குழாயடியிலேயே நிறுத்திவிட்டார். ஹெட் கிளார்க் மட்டும் கையில் உறையோடு நடந்து வந்தார். பெரியம்மா அன்று காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை.

"வெள்ளைத்துரை வீடு இதுதானே? கம்பெனியிலேர்ந்து வரோம்மா. உங்க பையனை வேலைக்கு எடுத்திருக்கு" என்றார் அவர்.

சீசன் நேரம். தெருமுனையில் வண்டி நிற்கிறது. சட்டை போட்ட ஒருவர் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்கிறார். பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டார்.

"எம் மகன் கம்பெனிக்கு வர மாட்டான்யா."

"அம்மா, நல்ல வேலைம்மா. பெரிய கம்பெனி."

"பெரிய கம்பெனியிலதான் அவன் அப்பன் வெந்து செத்தான். சின்னதுன்னா என்ன, பெருசுன்னா என்ன? எம் பிள்ள பி.ஏ. படிச்சிருக்கான், தெரியும்ல? ஒங்க கம்பெனியில வந்து வேகுறதுக்காய்யா படிக்க வச்சேன்? போய்ட்டு வாங்க."

லட்சுமிகாந்தம் மரியாதைப்பட்ட மனுஷர். அவருக்கு எங்கள் ஊர்க் கம்பெனியும் தெரியாது, எங்கள் ஊர்க் கோபமும் தெரியாது. யாரோ விபத்தில் இறந்திருக்கிறார்கள், அந்தம்மாள் பயப்படுகிறாள் என்ற அளவில் புரிந்துகொண்டார். உறையை நீட்டினார், பெரியம்மா வாங்கவில்லை. திரும்பிப் போய் மேனேஜரிடம் பதில் சொல்ல வேண்டுமே, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். "எழுதுங்க, போடுறேன்" என்றார் பெரியம்மா. கடிதத்தின் பின்பக்கம் லட்சுமிகாந்தம் இரண்டு வரி எழுதினார். பெரியம்மா பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை வெள்ளைத்துரை காரியாபட்டியிலிருந்து வெறுங்கையோடு வந்தான். தற்காலிக வேலையை யாரோ ஒருவர் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பெரியம்மா அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னார். இந்தத் தடவை ஜீப்பு போட்டுக்கொண்டே வந்துவிட்டார்கள், எழுதி வேறு கேட்டார்கள், நான் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டேன் என்றார். பி.ஏ. படித்தவன், வெள்ளைக்காரக் கம்பெனியின் பதிலுக்குக் காத்திருக்கிறவன், அவனுக்கும் கம்பெனி என்றதும் தீப்பெட்டிதான் நினைவுக்கு வந்தது. அந்தத் தெருவில் பிறந்தவனுக்கு வேறு எது வரும்? "ஆத்தா, நீ இருக்கையில எவன் நம்ம வாசல்ல நிக்க முடியும்?" என்று சிரித்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வீட்டில் உட்கார்ந்து இன்னொரு மனு எழுதிக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருந்திருந்தால், ஒரு வாய் வார்த்தைக்கு "வேலை கெடச்சிருச்சாமேலே" என்று கேட்டிருந்தால், அவன் அங்கிருந்தே ஓடியிருப்பான். நான் சாத்தூரில் அத்தை சுட்ட முறுக்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு பதிலும் வரவில்லையே என்று அவனாகவே விருதுநகர் ஆபீசுக்குப் போய் விசாரித்திருக்கிறான். லட்சுமிகாந்தம் அவனை விநோதமாகப் பார்த்தார். பிறகு ஃபைலை எடுத்து அந்தக் கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். 'என் மகனுக்கு இந்த வேலை வேண்டாம்' என்று இருந்தது. அதன் கீழே முருகம்மாள். கம்பெனியில் கைநாட்டு வைப்பது கேவலமாக இருக்கிறது என்று அவன்தான் அந்த வருடம் அவருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்திருந்தான். இரண்டு மாதம் சிலேட்டில் எழுதிப் பழகிய எழுத்து.

"திங்கட்கிழமை காலையில வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூடப் போதும்பா. மூணாவது பையனை அனுப்பிட்டோம்" என்றார் அவர். உண்மையிலேயே வருத்தப்பட்டாராம். ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அன்று மாலை வெள்ளைத்துரை நேராக என் வீட்டுக்கு வந்தான். நான் அன்றுதான் சாத்தூரிலிருந்து வந்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது குரல் உடையவே இல்லை. முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே சேசு, ஆத்தாளுக்கு இது தெரியக் கூடாதுலே. தெரிஞ்சா அவுக உசுரோட இருக்க மாட்டாக. நீயும் நானும் மட்டும்தான்."

"சரிலே" என்றேன். ஜீப்புக்கு வீட்டைக் காட்டியது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவன் என் கையை விடாமல் பிடித்திருந்தான். சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே சொல்லவில்லை.

எனக்கு அடுத்த வருடமே மிஷன் பள்ளியில் வேலை கிடைத்தது. அப்பா பெயரைச் சொல்லி வாங்கியது, என் பி.ஏ.வுக்கு அதில் பெரிய பங்கு இல்லை. வெள்ளைத்துரைக்கு அப்படிச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. சர்வீஸ் கமிஷன் பரீட்சையை மூன்று தடவை எழுதினான். ஒரு தடவை மயிரிழையில் போயிற்று. பிறகு வயது வரம்பும் தாண்டிவிட்டது. கடைசியில் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் புரூப் திருத்துகிற வேலையில் சேர்ந்தான். அச்சாபீசு கம்பெனி இல்லை என்பதால் பெரியம்மாவுக்கும் சம்மதம். "எம் மகன் எளுத்து வேலை பாக்கான்" என்று சொல்லிக்கொண்டார்.

அது என்ன எழுத்து வேலை தெரியுமா? காலண்டர் தாளும் பட்டாசு லேபிளும். திரியைப் பற்றவைத்ததும் தள்ளி நிற்கவும் என்பதை மூன்று மொழியில் நாள் முழுக்கப் படித்து, எழுத்து விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மார்க் வாங்கிய இங்கிலீஷ் அதற்குத்தான் பயன்பட்டது. நாற்பது வாட் பல்பு வெளிச்சத்தில் எறும்பு மாதிரி எழுத்துகளை ஏழு வருடம் பார்த்தான். வேலுத்தாய் என்ற பெண்ணைக் கட்டினான், கம்பெனிக்குப் போகிற பெண்தான். ஒரு மகள் பிறந்தாள். வீட்டுக்குள்ளேயே மாமியாரும் மருமகளும் பெட்டி ஒட்டினார்கள். அவன் அதைப் பற்றி ஒன்றும் பேச மாட்டான்.

இந்த வருடங்கள் முழுவதும் பெரியம்மா அந்த ஜீப்புக் கதையை நிறுத்தவே இல்லை. கல்யாண வீட்டில் சொல்வார், குழாயடியில் சொல்வார், மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னார். "ஜீப்பு போட்டு வந்தான் கம்பெனிக்காரன். எம் மகன் பி.ஏ.ன்னு சொல்லி வெரட்டி விட்டேன்ல!" கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். வெள்ளைத்துரை பக்கத்தில் இருந்தால் அவனும் சிரிப்பான். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றி எரியும். அவன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு அதைப் பெருமையாகவும் பேசுகிறாளே கிழவி என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். வழி காட்டிவிட்டு ஓடிப்போன ஒருவன் பல்லைக் கடிக்கலாமா என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அறுபத்தெட்டில் அவனுக்குக் கண் சரியாகத் தெரியாமல் போயிற்று. ஒரு காலண்டரில் ஆகஸ்டு மாதத்துக்கு முப்பத்தொன்றாம் தேதி விடுபட்டுப்போனதைக் கவனிக்காமல் விட்டுவிட்டான். அவ்வளவும் அச்சாகிவிட்டது. முதலாளி திட்டவில்லையாம். இனி வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். இதை எனக்குச் சொன்னவர் அங்கே அச்சுக் கோக்கிற அய்யாதுரை. அதோடு இன்னொன்றும் சொன்னார். வேலுத்தாயின் அண்ணன் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறான், அவன் சொல்லி வெள்ளைத்துரைக்கு அங்கே வாசலில் உட்கார்ந்து உள்ளே போகிறவர்கள் பெயரைப் பதிகிற வேலை கிடைத்திருக்கிறது, வருகிற திங்கட்கிழமை சேருகிறான் என்றார்.

அந்தத் திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இன்னும் வரவில்லை. பெரியம்மா வீட்டு முன்னால் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சோலையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் கதை என்று சொல்ல வேண்டுமா? "எம் மகன் கம்பெனி வாசல மிதிக்க மாட்டான்னு சொன்னேன் பாரு" என்ற இடத்துக்கு வந்திருந்தார். அந்த நேரம் அவருடைய மகன் கம்பெனி வாசலில்தான் உட்கார்ந்திருந்தான்.

சோலையம்மாள் எழுந்து போகும் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"பெரியம்மா, போதும்! அந்தக் கதைய இனிமே யாருட்டயும் சொல்லாதீக. அது தீப்பெட்டிக் கம்பெனி இல்ல. வெள்ளைக்காரன் ஆபீசு. ஒங்க மகனுக்குப் பெரிய வேலைக்கு ஆர்டர் கொண்டுக்கிட்டு வந்தாக. நீங்கதான் வெரட்டி விட்டீக. இன்னைக்கு அவன் எங்க போயிருக்கான்னு தெரியும்ல?"

சொன்ன மறு நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெரியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் இருந்த பெட்டியை ஒட்டி முடித்து வெயிலில் வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"தெரியும் தம்பி" என்றார்.

"எது தெரியும்?"

"எல்லாந்தான். அந்த ஜீப்பு ஓட்டுன நாகையாவ அந்த வருசம் தீவாளி முடிஞ்சு விருதுநகர் சந்தையில பாத்தேன். 'ஏம்மா, அம்புட்டுப் பெரிய வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்திட்டீகளே'ன்னான். அங்கனயே உக்காந்துட்டேன். வெத்தலைக்காரி தண்ணி குடுத்து எந்திரிக்க வச்சா."

"பெறகு ஏன் பெரியம்மா இத்தன வருசமா அதையே சொல்றீக?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்து பாத்தா எம் பிள்ள ஒண்ணுமே நடக்காத மாரி இருக்கான். அவனே ஆபீசுக்கு வந்து கேட்டுட்டுப் போனதையும் நாகையா சொல்லியிருந்தான். எனக்குத் தெரியக் கூடாதுன்னு மனசுக்குள்ள பூட்டி வச்சிருக்கான்னு வெளங்கிருச்சு. அதுவரைக்கும் தெருவெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ, திடுதிப்புனு நிறுத்துனா அவனுக்குத் தெரிஞ்சு போகாதா? ஆத்தாளுக்கும் தெரிஞ்சுபோச்சேன்னு அதுக்கு வேற அவன் அளணுமா? அதான் சொல்லிக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு வாட்டியும் தொண்டையில நெருப்பு எறங்குற மாரித்தான் இருக்கு. என்ன செய்ய? இன்னைக்கு மட்டும் சொல்லாம இருந்தேன்னா, கம்பெனிக்குப் போனதால ஆத்தா ஒடஞ்சு போனான்னு நெனப்பான்."

நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பசைக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"நாகையா இன்னொண்ணும் சொன்னான் தம்பி. வீட்ட அடையாளம் காட்டுனது அன்னைக்கு எம் மகன்கூட ஆபீசுக்கு வந்த பையன்தான்னு. ஜீப்புல ஏறச் சொன்னதுக்கு, வேலை இருக்குன்னு போயிட்டீகளாம்ல."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதையும் நான் அவன்ட்ட சொல்லல. அவனுக்குன்னு இருக்குற சிநேகிதன் நீங்க ஒருத்தருதான். அதையும் புடுங்கிட்டா எம் பிள்ளைக்கு என்ன இருக்கு?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பத்து வருடத்துக்கு மேலாக நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டு, தட்டு வைத்துச் சோறு போட்டிருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டு போட்ட சோறு.

தெருமுனையில் வேன் வந்து நின்றது. பெண்களும் பிள்ளைகளும் இறங்கினார்கள். கடைசியாக வெள்ளைத்துரை இறங்கினான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வீட்டை எண்ணுகிறவன் மாதிரி மெதுவாக நடந்து வந்தான். பக்கத்தில் வந்த பிறகுதான் என்னைத் தெரிந்தது.

"ஏலே சேசு, எப்ப வந்தே?"

"இப்பதாம்லே."

அவன் மூஞ்சி கழுவிவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் நாள் எப்படி இருந்தது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பெரியம்மா மறுபடி ஒரு பெட்டியைக் கையில் எடுத்தார்.

"ஏய்யா, தம்பிட்ட அந்த ஜீப்புக் கதையத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"எத்தனாவது வாட்டி ஆத்தா?"

"கேக்குறதுக்கு ஆள் இருந்தா சொல்ல வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். குழாயடியில் வண்டி வந்து நின்றது, சட்டை போட்டவர் உறையை நீட்டியது, வாசலை மறித்தது, எல்லாவற்றையும் ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். எம் பிள்ளை பி.ஏ. படிச்சிருக்கான் என்ற இடம் வந்ததும் வெள்ளைத்துரை வழக்கம்போலச் சிரித்தான். பெரியம்மா என்னைப் பார்த்தார். நானும் சிரித்தேன்.